அவசர வழி ரெண்டு இருக்கு மேடம்

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகிற நெடுஞ்சாலையில் இடது கைப்பக்கம் ஒரு எஞ்சினியரிங் காலேஜ் இருக்கிறது. அநியாயத்துக்குப் பெரிசு. முதல் நாள் வகுப்பைத் தேடி உள்ளே போன ஒரு பையன் நாலு வருஷமாகத் தேடிக்கொண்டே இருந்தான். கடைசியில் டிகிரி மட்டும் தபாலில் வீட்டுக்கு வந்தது. இப்போது வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறான். தேடிப் பழகியவன், சமாளித்துக்கொள்வான்.

அதற்கு எதிரே, புளியமரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுதான் எங்கள் பெண்கள் கலைக் கல்லூரி. தமிழ், சரித்திரம், பொருளாதாரம், அவ்வளவுதான். பிரின்சிபால் பிரிசில்லாதான் சரித்திரமும் நடத்துகிறார். எல்லாப் பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போய் நிற்பார். கட்டுரை எழுதிக்கொண்டு போனால் பக்கத்தில் உட்கார வைத்து, "இத நீ நிஜமாவே நம்புறியா, இல்ல எழுதணுமேன்னு எழுதினியா?" என்று கேட்பார். எதிர்ப்பக்கத்தில் யாராவது இப்படிக் கேட்டால் கட்டடம் பயத்தில் இடிந்துவிடும்.

கல்லூரியின் முதலாளி இன்பராஜ், ஷூ கம்பெனிக்காரர். ஆரம்பித்தவர் அவருடைய அப்பா. மகனுக்கோ அந்த வகுப்பறைகளைப் பார்த்தாலே, பெஞ்சைத் தூக்கிப்போட்டு ஷூ பெட்டி அடுக்கலாமே என்று கை அரிக்கும். நிர்வாகக் கமிட்டியில் நானும் ஒருவன். கூட்டத்தில் குறட்டை விடுவதில்லை என்பது என் தகுதி.

பிப்ரவரியில் இன்பராஜ் தீர்த்துச் சொல்லிவிட்டார். சின்னக் கல்லூரிகளுக்கு உதவுகிற ஒரு அறக்கட்டளை சென்னையிலிருந்து பார்க்க வருகிறது. அவர்கள் கைகொடுத்தால் கல்லூரி நடக்கும். இல்லாவிட்டால் ஜூனில் குடோன்.

"அவங்க வந்து கிளாஸ்ல உக்காந்து பாக்கட்டும் சார், அது போதும்" என்றார் பிரிசில்லா.

"கிளாஸப் பாத்து எவன் துட்டு குடுப்பான்? ரெடி பண்ணணும் மேடம்."

ரெடி பண்ண வந்தவர் கம்பெனி மேனேஜர் சூரியபிரகாஷ். அந்த மனிதருக்குத் தெரிந்த சோதனை உலகத்தில் ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள், தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கக் கம்பெனிக்கு ஆடிட் செய்ய ஆள் அனுப்புவார்கள். அதற்கு முந்தின வாரம் சுவருக்குப் பெயிண்டு, தொழிலாளிகளுக்கு மனப்பாடப் பதில். இங்கேயும் அதே பெயிண்டு அடித்தார், அதே பதில்களைக் கொடுத்தார். வராண்டாவில் படுத்திருந்த ஆட்டுக்கும் சேர்த்துப் பச்சை அடித்துவிட்டார்கள். வந்தவர்கள் அதைப் புல்வெளி என்று பாராட்டினார்கள்.

பாதிப் பெண்களின் அம்மாக்களுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. "எவளாவது மாத்திச் சொன்னா அவ அம்மா மறுநாள் கம்பெனி கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்" என்று சொல்லி வைத்திருந்தார் சூரியபிரகாஷ்.

வந்தவர்கள் இரண்டு பேர். கதர்ப் புடவையில் ஓர் அம்மாள், வெயிலில் கோட்டு போட்ட ஒருவர். சரித்திர வகுப்பில் உட்கார்ந்தார்கள். சூரியபிரகாஷ் கரும்பலகை ஓரம் கை கட்டி நின்றார். பிரிசில்லாவைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியிருந்தார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"இங்க படிக்கிறது உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார் அம்மாள்.

பாக்யலட்சுமி எழுந்தாள். "பிடிச்சிருக்கு மேடம். யாரும் கட்டாயப்படுத்தி உக்கார வைக்கல. எட்டு மணி நேரத்துக்கு மேல இருந்தா அது எங்க விருப்பம்."

"லைப்ரரி எப்படி?"

"அவசர வழி ரெண்டு இருக்கு மேடம்."

"டீச்சர்ஸ்?"

"அடிக்க மாட்டாங்க. பாத்ரூம் போனா டைம் பாக்க மாட்டாங்க. பதினெட்டு வயசுக்குக் கம்மியா இங்க யாரும் வேலை செய்யல."

கோட்டுக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். படித்தவர்களுக்குப் பதில் கடகடவென்று வந்தால் போதும், கேட்ட கேள்விக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டார். கல்லூரி அப்போதே குடோனாகிவிட்டது என்று எனக்கும் தோன்றியது.

அம்மாள் சைராவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. சரித்திரம் படிச்சு என்ன கத்துக்கிட்ட?"

சைரா எழுந்து சூரியபிரகாஷை ஒரு தரம் பார்த்தாள். அவளுடைய அம்மாவும் அங்கேதான் தையல் மிஷினில் உட்காருகிறாள்.

"யாராவது ஒண்ணு சொன்னா, அத அப்டியே எடுத்துக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லிருக்காங்க. யாரு சொன்னாங்க, யாருக்கு பயந்து சொன்னாங்க, சொல்லும்போது பக்கத்துல யாரு நின்னாங்கன்னு பாக்கணும்." கையை நீட்டினாள். "அதோ நிக்கிறாரு. நீங்க எங்களக் கேக்கறதுக்கு முன்னாடி அவரு யாருன்னு கேட்டிருக்கணும் மேடம்."

ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிட்டது. கரண்ட் இருந்தது. அதுவும் கேட்க ஆசைப்பட்டது போலிருக்கிறது.

"திமிரப் பாரு" என்று முனகினார் கோட்டுக்காரர். பிறகு சத்தமாக, "இதெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா?" என்றார்.

"எதிர்ல படிச்சவங்களுக்குக் கிடைச்சிதா சார்?"

அம்மாள் சிரிக்கவில்லை. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் சூரியபிரகாஷிடம். யோசித்துவிட்டு, கோட்டுக்காரரையும் அனுப்பினார். இரண்டு பேரும் போய் ஆட்டுப் பக்கத்தில் நின்றார்கள். உள்ளே பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். மனப்பாடம் செய்யாத பேச்சு, ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள். சூரியபிரகாஷ் மிரட்டியதைச் சொன்னார்கள். மழை வந்தால் ஒழுகுகிற இடத்தைக் காட்டினார்கள். மிஸ் நடத்தின ஒரு பாடமே தப்பு என்று பாக்யலட்சுமி வாதாடினாள். மிஸ்ஸும் சரிக்குச் சரி சண்டை போட்டார். வந்தவர்களுக்காக வாங்கி வைத்த பிரியாணி ஆறிப்போனது பற்றி யாருக்கும் கவலை இல்லை, என்னைத் தவிர.

ஏப்ரலில் உதவி வந்தது. இரண்டு நிபந்தனை. கம்பெனி ஆட்கள் யாரும் கல்லூரிக்குள் கால் வைக்கக் கூடாது. பேசிய பெண்களின் வீட்டில் ஒருத்தருடைய வேலைக்கும் ஆபத்து வரக் கூடாது. வந்தால் உதவி அன்றோடு நிற்கும். பேப்பர்க்காரர்களுக்கு விஷயம் போகுமென்று பயந்து இன்பராஜ் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"இன்னா பெரியவரே, அந்தம்மா இன்னாத்த சொல்லிக் குடுக்குது அங்க? நாளைக்கு இதுங்க கம்பெனிக்கு வேலைக்கு வந்தா லைன்ல நின்னு கேள்வி கேக்கும். ஒண்ணு கூட எனக்கு ஆகாது."

"அட, அத அப்டியே அட்மிஷன் நோட்டீஸ்ல போடு தம்பி" என்றேன். "'எங்க பொண்ணுங்க இன்பராஜுக்கு ஆக மாட்டாங்க.' பெத்தவங்க வரிசைல நிப்பாங்க."

போனை வைத்துவிட்டார். நோட்டீசை நானே அடித்தேன்.