இடப்பக்கத்துப் பாரம்

மெக்கானிக் தன் பழைய பிக்கப் வண்டியைத் தாழ்த்தி முடித்த மத்தியானம், இறந்து சில மாதங்களான அவன் மனைவி அதில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது கதவு திறந்து மூடியது, சீட்டில் பள்ளம் விழுந்தது, இடப்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் முனகியபடி இறங்கின. பட்டறையில் அன்று வேறு விசேஷமில்லை.

முழங்கால் போனதிலிருந்து, “ஏற முடியலீங்க, கொஞ்சம் இறக்கிக் குடுங்க” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரார் வண்டியெல்லாம் முடியட்டும் என்று அவன் நாளைக் கடத்தினான். ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கப் பழகிய பிறகுதான், பட்டைகளில் சிலவற்றை உருவி வண்டியைக் கீழே கொண்டுவந்தான்.

தாழ்த்துவதில் ஒரு சங்கடம் உண்டு. முன்சக்கரங்களைச் சேர்த்துத் திருப்பும் டை ராடு அச்சோடு இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டியின் அடிச்சட்டமான சேஸி மட்டும் அதன் தலைமேல் இறங்கிவரும். இடப்பக்கம் திருப்பினால் ராடின் இடது முனை உள்வாங்கி, சேஸிக்கு நேர் கீழே போய் நிற்கும். அங்கே இடைவெளி இல்லையென்றால் ஸ்டியரிங் பாதியில் முட்டிக்கொள்ளும். இது அவனுக்குத் தெரியாததா? முனையில் களிமண்ணை அப்பி, ஏறி உட்கார்ந்து இரண்டு கோடிக்கும் திருப்பி, இறங்கி, நசுங்காமல் மிஞ்சிய மண்ணைத் தொட்டுப் பார்த்தான். ஒரு விரல் கனம். தாராளம்.

அவள் ஏறியதும் அது போதாமல் போயிற்று. வண்டி வலப்பக்கம் மட்டுமே திரும்பியது. இடதுபுறம் போக, வலது வலதாகத் தெருக்களைச் சுற்றிவந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் சீட்டுப் பள்ளம் கதவோரமாக ஒதுங்கியது. பக்கத்தில் இருந்தும் அவள் தள்ளித் தள்ளியே போனாள்.

அவளுடைய தம்பி வெல்டர். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“மாமா, ஒரு ஆளுக்கு அளந்திருக்கீங்க.”

“வீட்ல ஒரு ஆள்தானேடா.”

வெல்டர் சீட்டை எட்டிப் பார்த்தான். “அக்காகிட்ட எடையைப் பத்திப் பேசி அடி வாங்க நான் தயாரில்ல. இடப்பக்கம் மட்டும் ஒரு பட்டை சேத்துத் தூக்கிடவா? சின்ன வேலை.”

“தூக்கினா மறுபடி ஏற மாட்டாடா.”

ஆகவே சேஸியைத்தான் வெட்டினார்கள். முனை முட்டும் இடத்தில் பிறைபோல் அறுத்தெடுத்து, பலம் குறையாதிருக்க அந்த வளைவைச் சுற்றித் தடித்த தகட்டைப் பற்றவைத்தார்கள். இந்த முறை வெல்டர் களிமண்ணைப் பார்க்க, இரண்டு பேரும் மேலே உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் முக்கில் அவன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தான். எதுவும் முட்டவில்லை. வண்டி இடப்பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பவர் வலப்பக்கம் சரிவார். எல்லா வண்டிக்கும் அதுதான் கணக்கு. பள்ளம் மெல்ல நகர்ந்துவந்தது. அவன் சட்டை இடது தோளில் கசங்கியது.

இப்போதெல்லாம் வீட்டுக்கு நேர்வழி இருந்தும் அவன் இடது இடதாகவே சுற்றிப் போகிறான். அதனால் வலது டயர்தான் முதலில் தேய்கிறது. டயர் கடைக்காரர் காரணம் கேட்பதில்லை. அவனுக்கென்று ஒற்றை டயர் எடுத்துவைத்திருப்பார்.