கதவைத் தட்டும் மரபு

விண்ணப்பத்தில் 'கலைத்திறன்' என்ற கட்டத்தில் 'எட்டு ஆண்டு நடனப் பயிற்சி' என்று எழுதியபோது நான் முழுப் பொய் சொல்லவில்லை. எட்டு ஆண்டுப் பயிற்சி எங்கள் வீட்டில் இருந்தது. என்னிடம் இல்லை, பெரியக்காவிடம் இருந்தது. நாலு பெண்கள் வளரும் வீட்டில் சீப்பு, செருப்பு, காய்ச்சல் எல்லாமே பொது. நடனம் மட்டும் எப்படித் தனிச்சொத்தாகும்?

இந்த நியாயம் விமானம் தரையிறங்கும்வரை தாங்கியது. பன்னாட்டு இளைஞர் முகாமின் வாசலிலேயே அறிவிப்புத் தொங்கியது: வெள்ளிக்கிழமை, பண்பாட்டு மாலை. நாட்டுக்குப் பத்து நிமிடம். எங்கள் நாட்டுக்கு நான் ஒருத்திதான். என்னை அழைத்து வந்திருந்த இளைஞர் நலத் துறை அதிகாரி நிகழ்ச்சி நிரலை நெஞ்சோடு அணைத்தபடியே நடப்பார். மனதுக்குள் அவருக்கு 'அட்டவணை' என்று பெயர் வைத்திருந்தேன்.

"ஆட்டமெல்லாம் தயாராம்மா?"

"தயார் மேடம்."

"விண்ணப்பத்துல பொய்னு தெரிஞ்சா மறுநாளே திருப்பி அனுப்பிடணும். போன வருஷம் ஒருத்தன் நீச்சல் வீரன்னு எழுதிட்டு வந்தான். தொட்டியிலேர்ந்து தூக்கின ஈரத்தோட விமானத்துல ஏத்தினேன்."

வீடு திரும்புவதில் எனக்குப் பயமில்லை. ஆனால் வீட்டில் நான் 'மூணாவது'. என்னைக் கேள்வி கேட்பவர்கள், பதிலைச் சின்னவளிடம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே முதல் நாள், அடுக்குக் கட்டிலில் எனக்குக் கீழே படுத்தவள் அரைகுறை ஆங்கிலத்தில், "நீ எப்படிப்பட்டவள்?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு எனக்குப் புதிது. அவளுக்குச் சரியான பதில் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. முகாமில் இன்னும் பதினொரு நாள் இருந்தது.

வியாழக்கிழமை கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டேன். "சுளுக்கு மேடம்." அட்டவணை காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எங்கள் மாடியில் பதினெட்டுப் பெண்கள், ஒரே குளியலறை. வெள்ளிக்கிழமை காலை அதன் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இருபது வருடப் பழக்கம் சுளுக்கைப் பற்றி யோசிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்றவர்களை முந்தி, கதவில் மூன்று தட்டுத் தட்டி, வீட்டில் கத்துவதுபோலவே ராகத்தோடு கத்தினேன்:

"உள்ள போனவ ஊறிப் போனா,
வெளிய நின்னவ வேரு விட்டா,
வாடி வெளிய!"

உள்ளே தண்ணீர் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுவதும் என்னையே பார்த்தது. கடைசியில் அட்டவணை. அவர் காலடிவரை நீண்டு கிடந்தது அவிழ்ந்துபோன என் கட்டு.

"ஆகா! இது உங்கள் மரபா?" என்று கீழ்க்கட்டில்காரி கைதட்டினாள்.

"ஆமாம்" என்றது என் வாய். என்னைக் கேட்கவில்லை.

பிறகு வாய்க்கு வேலை அதிகமாகிவிட்டது. தோளில் துண்டு, பொறுமையின் அடையாளம். மூன்று தட்டில், உள்ளே இருப்பவளுக்கு ஒன்று, காத்திருப்பவளுக்கு ஒன்று, இன்னும் தூங்குகிறவளுக்கு ஒன்று. அன்று மாலை கிடங்கிலிருந்து கழற்றிவந்த கதவொன்றை மேடையில் நிறுத்தி, துண்டு போட்ட பதினெட்டுப் பேரும் தட்டினோம். மூன்றாவது சுற்றில் அரங்கமே நாற்காலியைத் தட்டியது.

முதல் வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். மேசையில் என்னைப் பற்றிய அறிக்கைப் படிவம், மூடி திறந்த பேனா.

"எட்டு வருஷம் ஆடினது யாரு?"

"பெரியக்கா, மேடம்."

"சுளுக்கு?"

"யாருக்கும் இல்ல மேடம்."

"அந்தக் கதவுக் கூத்து?"

"அது மட்டும் நெஜம் மேடம். எங்க வீட்ல தெனமும் நடக்குது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வந்ததிலிருந்து நான் சொன்னவற்றில், சத்தியம் செய்து சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அட்டவணை பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்ல அக்கா தங்கச்சிங்க அஞ்சு பேரு. நான் கடைசி" என்றார். "மூணு தட்டு தட்டினா எவ வெளிய வருவா? லைட்டு சுவிட்ச் எங்க இருக்கும்?"

"வெளிய, மேடம்."

"அதை அணைக்கணும். அதை ஏன்டி விட்ட? மரபுன்னு மேடை ஏத்தினா முழுசா ஏத்த வேணாமா?"

பிறகு குனிந்து எழுதினார். தலைகீழாகப் படித்தேன். 'நடனம்: தெரியாது. விண்ணப்பத்தில் தவறு, தானே ஒப்புக்கொண்டார். அளித்தது: குடும்பக் கலை. பயிற்சி: இருபது ஆண்டு. பரிந்துரை: முகாம் முடியும்வரை இருக்கலாம்.'

"போ. இன்னொரு பொய் வந்துச்சு, அந்த நீச்சல்காரன் மாதிரியே உன்னையும் விமானத்துல ஏத்திடுவேன்."

மறுநாள் காலை, தலை நிறைய நுரையோடு நின்றிருந்தேன். விளக்கு அணைந்தது.

"எவடி அவ?" என்று கத்தினேன்.

கதவுக்கு வெளியே, நெஞ்சோடு அணைத்த தாள்கள் சரசரவென்று நகர்ந்துபோகும் சத்தம் மட்டும் கேட்டது.