யார் வீட்டு ஊசி

ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் வீடு வீடாகக் குப்பை வாங்கி, பேட்டரி வண்டியில் பிரித்துப் போடுவது வேணியின் வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில் காய்கறித் தோலுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. அது எந்த வீட்டு வாளியிலிருந்து வந்தது என்று அவள் கவனிக்கவில்லை. வெளியே இழுத்தபோது உள்ளங்கையில் சுருக்கென்றது. கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பொட்டு ரத்தம். பையிலிருந்து மூடியில்லாத ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் ஆரோக்கியராஜ் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு தன் பைக்கிலேயே காவிரிப் பாலம் தாண்டி அரசு மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்.

டாக்டர் உமாமகேஸ்வரி நிதானமாகக் கேட்டார். "மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"முகாம்ல ஒண்ணு போட்டேங்க. அடுத்தது போடற சமயத்துல மாமனார் தவறிட்டாரு. அப்புறம் போகவே இல்ல."

"சரி, இப்ப மறுபடி ஆரம்பிப்போம். எச்.ஐ.வி. வராம இருக்க மாத்திரையும் தரேன். கொஞ்சம் குமட்டும், விடாம சாப்பிடணும். ஆனா அது யார் வீட்டு ஊசின்னு தெரிஞ்சா ரொம்ப நல்லது. அவங்களுக்கு என்ன இருக்குன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மருந்து குடுக்கலாம். விசாரிச்சுப் பாருங்க, சீக்கிரமா."

அன்று இரவு வேணிக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் வீரமலை, வீட்டுக்கு வீடு பெயின்ட் அடிக்கிறவன். அவனும் சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் ஆரோக்கியராஜ். ஆனாலும் வேணி வீதிக்குப் போனாள். சீருடை இல்லாமல், வீட்டில் கட்டும் சேலையோடு ஒவ்வொரு வாசலிலும் நின்றாள்.

"உங்க வீட்ல யாராவது ஊசி போட்டுக்கறாங்களாம்மா? சண்டைக்கு வரலைங்க. டாக்டர் கேக்கறாங்க, அதான்."

சிலர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: எங்கள் வீட்டில் இல்லை. வீதியின் கோடியில் இருந்த கோதை மாமியும் அப்படித்தான் சொன்னார். அந்த மாமி தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் தளிகை பண்ணி, சாப்பாட்டைக் கேரியரில் போட்டு அனுப்புகிறவர். வேணி தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். பாதி வீதியில் குமட்டல் வந்து மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் கோதையின் கணவர் அழகிரி. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவர்.

"கோதை, அந்தப் பொண்ணுகிட்ட ஏன் இல்லேன்னு சொன்னே?"

கோதை அடுப்பைத் தணித்தார். "வேற என்ன சொல்லச் சொல்றேள்? உங்களுக்கு ஹெபடைடிஸ் பி, அந்த மஞ்சள் காமாலைக் கிருமி இருக்குன்னு வெளியில தெரிஞ்சா, இந்தாத்துத் தளிகையை யாராவது தொடுவாளா?"

"சாப்பாட்டுல அது பரவாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"நமக்குத் தெரியும். அவாளுக்கெல்லாம் தெரியணுமே. வழக்கமா டப்பாவுலதான் போடுவேன். நேத்து டப்பா நிறைஞ்சு போச்சு, ஏதோ அவசரத்துல பையில சுத்திப் போட்டுட்டேன்."

அழகிரி அடுப்படிக்கு வந்து நின்றார். "எனக்கு இது எங்கேருந்து வந்ததுன்னு இன்னி வரைக்கும் தெரியாது. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா வராமலே இருந்திருக்கலாமோ என்னவோ. அவளுக்கு நாம சொல்லலாமே, கோதை. பெருமாள் சோறு போடுவார்."

கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருத்துவ ஃபைலை எடுத்து ஒரு துணிப்பையில் வைத்தார். ஆரோக்கியராஜுக்குப் போன் செய்து விலாசம் கேட்டுக்கொண்டு, இருவரும் ஆட்டோ பிடித்தார்கள்.

கொள்ளிடக்கரைப் பக்கம் வேணியின் வீடு. கோதை செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார். "நேத்து குத்தின ஊசி எங்காத்துது வேணி. காலம்பற நீ கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். இவருக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. இப்பவே டாக்டர்கிட்ட போயிடலாம், வா."

வீரமலை விருட்டென்று எழுந்தான். "காலையில வாசல்ல வந்து நின்னவளைத் திருப்பி அனுப்பிட்டு, இப்ப வந்து சொல்றீங்களா? உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா..."

"இருங்க," என்றாள் வேணி. நேற்றிலிருந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போல இருந்தது. "வந்துட்டாங்கல்ல. சொல்லாமயே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது? முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆட்டோவில் நான்கு பேரும் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். பாலத்தில் நெரிசல். வேணியின் கையைப் பிடித்துக்கொண்ட கோதை, மருத்துவமனை வரும் வரை விடவில்லை.

டாக்டர் உமாமகேஸ்வரி ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "நல்லவேளை, நேரத்துக்கு வந்தீங்க. தடுப்பூசி வேலை செய்ய நாளாகும். அதுவரைக்கும் உடனே பாதுகாப்பு குடுக்கற ஊசி ஒண்ணு இருக்கு. ஊசி யாருதுன்னு தெரியாம இருந்திருந்தா, நான் அதைப் போட்டிருக்க மாட்டேன்." அழகிரியின் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். அவருக்கு எச்.ஐ.வி. இல்லை. வேணிக்குக் குமட்டலைத் தந்த மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள்.

"சார், நீங்க ஈரலுக்குன்னு கடைசியா எப்ப டாக்டரைப் பாத்தீங்க?" என்று அழகிரியிடம் கேட்டார் டாக்டர்.

அழகிரி மனைவியைப் பார்த்தார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் வருஷக்கணக்காக அவர் எந்த ஈரல் டாக்டரிடமும் போகவில்லை. அந்த வாரமே அவரை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஈரல் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. மருந்து தொடங்கினார்கள்.

யார் வீட்டு ஊசி என்று வீதியில் பலர் வேணியிடம் கேட்டார்கள். "நல்லவங்க வீட்டுது" என்று மட்டும் சொல்லுவாள். ஆனால் கோதைக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாடு வாங்குகிறவர்களிடம் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நாளைக்கு ரசம் வழக்கம்போல வருமோன்னோ?" என்று மட்டும் கேட்டார். கோதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே அழுதார்.

ஆரோக்கியராஜ் பேட்டரி வண்டியில் ஊசிகளுக்கென்று ஒரு சிவப்புப் பெட்டி மாட்டினார். ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடித் தனியாகத் தரும்படி கோதை வீடு வீடாகச் சொல்லி வந்தார். எங்கள் வீட்டில் ஊசியே கிடையாது என்று அன்று சொன்ன வீடுகள் சிலவற்றிலிருந்தும் டப்பாக்கள் வந்தன. வேணி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் வேணிக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. மருத்துவமனை வராந்தாவிலேயே அவள் சமயபுரத்தாளைக் கும்பிட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் வீரமலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மணப்பாறை முறுக்கு வாங்கினான்.

"யாருக்கு?" என்றாள்.

"அன்னைக்கு அந்தப் பெரியவங்க மனசு நோகற மாதிரி பேசிட்டேன். பாத்துட்டுப் போவோம்."

அழகிரி இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கோதை, "ரங்கா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களாலதான் சார் இவ நல்லா இருக்கா," என்றான் வீரமலை.

"உங்காத்துக்காரி வாசல்ல வந்து கேக்கலேன்னா நான் இன்னும் மறைஞ்சுண்டுதான் இருந்திருப்பேன்," என்றார் அழகிரி. "டாக்டர் சொல்றா, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கஷ்டமாம். நன்றி நான்தான் சொல்லணும்."

கோதை ஒரு தட்டைக் கொண்டுவந்து முறுக்கை உடைத்து வைத்தார். அழகிரி பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை வேணியின் பக்கம் நகர்த்தினார்.

"உப்பு கம்மியா இருக்கு," என்றார் கோதை மென்றுகொண்டே.

"நல்லாத்தான் இருக்கு மாமி," என்றாள் வேணி.