நஞ்சப்பன் கடை நம்பர்

சாலம்மாள் அரூர் தையல் கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவள். கார்டை வைத்தால் கேட் திறக்கவில்லை. மழையில் மலைரோடு சரிந்து பஸ் நின்றுபோன வாரத்தில் மற்ற மலைப்பெண்கள் கீழேயே தங்கி வேலைக்கு வந்தார்கள்; மேலே மாட்டிக்கொண்ட இவளுக்கு ஓசூர் ஹெட் ஆபீசிலிருந்து போன் போட்டிருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை. 'வேலையை விட்டவர்' என்று பதிந்துவிட்டார்கள். இன்றைக்குள் அதை மாற்றாவிட்டால் அவளுடைய தையல் மெஷினில் வேறொருத்தி உட்காருவாள்.

உள்ளே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சமரீன் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். ஆட்களின் விவரமெல்லாம் ஓசூர் ஆபீஸ் சர்வரில், ஆளுக்கு ஒரு வரியாக இருக்கும் ஒரு டேபிளில். அரூரில் இருப்பது அதற்கான லிங்க் மட்டும். திறந்தால் பெயர் தெரிகிறது, ஓர் எழுத்தைக்கூட மாற்ற விடவில்லை. பாஸ்வேர்டு சரி, பர்மிஷன் சரி. லிங்கை அழித்துத் திரும்பப் போட்டாள். அப்போதும் அப்படியேதான். மற்ற டேபிள்களில் எல்லாம் எழுத முடிகிறது.

"இது மட்டும் எதுக்கு இப்புடி அடம் புடிக்குது?" என்றாள். கோபம் போய், கண்டுபிடித்தே தீரவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. டீ ஆறிக் கிடந்தது.

இரண்டு டேபிள்களின் அமைப்பைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்ததும் பிடிபட்டது. எழுத முடிகிற டேபிளில் ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு வரிக்கு இல்லாத ஓர் அடையாளம் இருந்தது. இதில் இல்லை. எந்த வரி யாருடையது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் எதையும் தொடவிடாது. முன்பு போன் நம்பர்தான் அடையாளமாக இருந்திருக்கிறது, யாரோ எடுத்துவிட்டார்கள். எதற்கு? நம்பர்களை வரிசைப்படுத்தினாள். அட! மலைப்பெண்கள் எல்லாருக்கும் ஒரே நம்பர். அது அடையாளமாக இருந்தால் ஒருத்திக்கு மேல் ஏற்ற முடியாது.

கேட்டுக்கு ஓடினாள். "அக்கா, இது யாரு நம்பருக்கா?"

"நஞ்சப்பன் டீக்கடை நம்பரு பாப்பா. எங்கூர்ல அங்க மட்டுந்தான் டவர் எடுக்கும். எங்க எல்லாத்துக்கும் அதான். போன் வந்தா அவரு சத்தம் போட்டுக் கூப்புடுவாரு. மழையில கடையச் சாத்திட்டுக் கீழ வந்துட்டாரு."

சமரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேனேஜர் ஆரோக்கியராஜிடம் போனாள். "ஆளுக்கொரு சீரியல் நம்பர் குடுத்து, அதை அடையாளமா வெச்சாப் போதுங்க சார். ஓசூர்லதான் செய்யணும்."

அவர் ஓசூருக்குப் போன் போட்டார். "டேபிள்ல எழுத முடியலீங்க. ஒரே போன் நம்பர் நெறைய பேருக்கு இருக்குதாம். கொஞ்சம் பாருங்க." சீரியல் நம்பரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் ஓசூரிலிருந்து, 'சரி செய்தாயிற்று' என்று மெசேஜ் வந்தது. சமரீன் டேபிளைத் திறந்து ஓர் எழுத்தை அடித்தாள். ஏற்றுக்கொண்டது. சந்தோஷத்தில் மேசையைத் தட்டினாள். சாலம்மாள் பெயரைத் தேடினாள். இல்லை. நஞ்சப்பன் கடை நம்பரில் முதலில் பதிந்த காசியம்மாள் மட்டும் இருந்தாள். போன் நம்பரையே திரும்ப அடையாளமாக்கி, ஒரு நம்பருக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு மற்றவர்களை அழித்திருந்தார்கள். சாலம்மாளைப் புதிதாக ஏற்றப் பார்த்தாள். 'இந்த நம்பர் ஏற்கெனவே உள்ளது' என்றது.

"சார், எல்லாரையும் தூக்கிட்டாங்க சார்!"

"இப்ப எழுத முடியுதில்ல? அப்பறம் என்னம்மா? வேற நம்பர் கொண்டாரச் சொல்லு."

சமரீன் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே கேட்டுக்கு நடந்தாள். சாலம்மாள் எழுந்து நின்றாள். "செரியாயிருச்சா பாப்பா?"

அதற்குள் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. மலைப்பெண்கள் டிபன் பையோடு பஸ்ஸுக்கு ஓடி வந்தார்கள். காசியம்மாள் வெளியே வரக் கார்டை வைத்தாள், கேட் திறந்து மூடியது. அடுத்து வந்தவள் வைத்தாள். திறக்கவில்லை. கார்டை முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள்.