ஒன்பது சீற் வான்

கோயில் வளவில் நின்ற வெள்ளை வானில் ஒன்பது சீற். ஒன்பதுக்கும் ஆள் இருந்தது. வானை ஓட்டப்போகிற செபமாலைமுத்து அண்ணை, அவர் மனைவி மெற்றில்டா அக்கா, கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற மகள் என்று மூன்று பேர், யோகமலரும் மகனும், மிச்சம் நாலு பேர் பெனிற்றாவும் புருசன் நிஷாந்தனும் பிள்ளைகள் இரண்டு பேரும். டோவரில் கப்பல் ஏறி, பாரிஸ், லூர்து, சுவிஸ் மலை என்று பத்து நாள் சுற்றிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். இந்தப் பங்கில் யார் தூரப் பயணம் வெளிக்கிட்டாலும் பூசை முடிந்த கையோடு பாதரைக் கொண்டு வாகனத்தை மந்திரித்துவிட்டுத்தான் போவார்கள். மந்திரித்துவிட்டால் போதும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, ஓடுகிறவருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அந்தச் சனிக்கிழமை காலையில் எல்லோரும் சந்தோசமாக நின்றார்கள். பெனிற்றா மட்டும் அண்ணையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் வியாழக்கிழமை வந்த வினை. பெனிற்றாவுக்கு மருந்துக்கடையில் வேலை. ஆள் பற்றாமல் அன்றைக்கு அவளை ஒரு ஷிப்டுக்குப் புறொம்லிக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். பின்னறையில் நின்று குளிசைப் பைகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தவள் ஒரு பெயரைக் கண்டு கையை நிறுத்தினாள். செபமாலைமுத்து. லண்டனில் இந்தப் பெயரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? விலாசமும் அண்ணையுடைய தோர்ண்டன் ஹீத் விலாசம்தான். குளிசை வலிப்புக்குக் கொடுக்கிற குளிசை. கொம்பியூட்டரைத் தட்டினாள். மாசி மாதத்திலிருந்து எடுக்கிறார். இந்த மாதம் அளவைக் கூட்டியிருந்தார்கள். அளவைக் கூட்டினால் வலிப்பு இன்னும் அடங்கவில்லை என்று விளங்க டொக்டருக்குப் படித்திருக்கத் தேவையில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் கடை இல்லாமலா மனுசன் இவ்வளவு தூரம் வந்தார்? தமிழ் முகம் ஒன்றும் பார்த்துவிடக்கூடாது என்றுதான். மகளுக்கு மோர்டனில் நல்ல இடம் சரிவருகிற நேரம். தகப்பனுக்கு வலிப்பு என்று ஒரு வாயிலிருந்து கசிந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். அண்ணை பையை வாங்கிக்கொண்டு, வாசலில் நிறுத்தியிருந்த காரில் ஏறித் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாளாக அவள் வாயைத் திறக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களின் நோய் வருத்தத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும். நிஷாந்தனிடம் சொன்னால் பங்கு முழுக்கச் சொன்னதற்குச் சமன். அதைவிட, லண்டனுக்கு வந்த புதிதில் ஆறு மாதம் அறை தந்து சோறு போட்டவர் அண்ணை. மூத்தவன் றொஜனுக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். வேறு யாரை ஓடச் சொல்வது? இது கியர் வான். நிஷாந்தனுடைய லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. குளிசைதான் எடுக்கிறாரே, ஒன்றும் நடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டி அடுக்கினாள். அவள்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அவளுடைய இடத்தில் நின்று பார்க்காதவர்கள் அதிகம் பேசக்கூடாது.

பாதர் வானைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். “பிதா, சுதன்” என்று தொடங்க எல்லோருடைய கையும் நெற்றிக்குப் போனது. “ஆமென்” என்று எல்லோருடைய கையும் இறங்கியது. அண்ணையுடைய கை மட்டும் நெற்றியிலேயே நின்றது. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயும் இல்லை. உதடு எதையோ மெல்லுவதுபோல அசைந்தது. மெற்றில்டா அக்கா சத்தம் போடாமல் பக்கத்தில் வந்து, அந்தக் கையைப் பிடித்து நெஞ்சுக்கும் இரண்டு தோளுக்கும் கொண்டுபோய்ச் சிலுவை அடையாளத்தை முடித்து வைத்தாள்.

“இந்த வயசிலயும் பாருங்கோ,” என்று யோகமலர் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

அது வலிப்புத்தான் என்று பெனிற்றாவுக்கு விளங்கியது. வானுக்குள் ஏறியிருந்த றொஜனையும் தங்கச்சிக்காரியையும் இழுத்து இறக்கினாள். றொஜனின் நெற்றியில் கையை வைத்தாள்.

“இவனுக்கு உடம்பு கொதிக்குது. நாங்கள் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ.”

“ஐ ஆம் ஃபைன், அம்மா,” என்றான் றொஜன். அவள் அவன் தோளை அழுத்தினாள்.

“விசரே உமக்கு?” என்று நிஷாந்தன் கேட்டான். அவள் பெட்டிகளை இறக்கினாள். தன் பிள்ளைகள் தப்பினார்கள் என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை நினைத்து அவள் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

றொஜனுக்குக் காய்ச்சலாம், நாலு சீற் காலியாம் என்ற செய்தி வளவைத் தாண்ட ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த பிறேமினி மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இடமில்லை என்று சொன்ன நாளிலிருந்து அழுத பிள்ளைகள். உடுப்பெல்லாம் கடைப் பையில், பாஸ்போர்ட்டெல்லாம் கையில். கடைசிக் குட்டிக்கு ஐந்து வயது. ஏறுமுன் பெனிற்றாவின் காலைக் கட்டிக்கொண்டு, “தாங்க்யூ, அன்ரி,” என்றது. பிறகு ஓடிப்போய் றொஜனுடைய சீற்றில் ஏறி பெல்ற்றைப் போட்டுக்கொண்டது.

அண்ணை எஞ்சினைக் கிளப்பினார். பெனிற்றா முன்சீற்றைப் பார்த்தாள். மெற்றில்டா அக்காவின் கை ஹான்ட்பிரேக்கைப் பிடித்தபடி இருந்தது. டோவர் வரைக்கும், பாரிஸ் வரைக்கும், பத்து நாளும் அந்தக் கை அங்கேதான் இருக்கப்போகிறது. மோட்டர்வேயில் எழுபது மைல் வேகத்தில் போகும்போது அந்தக் கையால் என்ன செய்ய ஏலும்?

வான் அசையுமுன் அவள் ஓடிப்போய் அண்ணையின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணை, நீங்கள் ஓடக்கூடாது.”

“ஏன் பிள்ளை?”

“புறொம்லியில உங்கட குளிசைப் பைக்கு லேபல் ஒட்டினது நான். உங்களுக்கு வலிப்பு. இப்பவும் வந்தது. நான் கண்டனான்.”

அண்ணை அவளைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மகள், “அப்பா?” என்றாள்.

மெற்றில்டா அக்கா எட்டி எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவினாள். புருசனுடைய நெஞ்சுக்குக் குறுக்காகக் கையை நீட்டி அதைப் பெனிற்றாவிடம் கொடுத்தாள்.

“உன்ர பிள்ளையளை இறக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது, உனக்குத் தெரியுமெண்டு,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீ பேசாமல் நிண்டிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பன்.”

பெனிற்றா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறேமினி ஒவ்வொரு பெல்ற்றாகக் கழற்றிப் பிள்ளைகளை இறக்கினாள். கடைசிக் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அவளிடம் வந்தாள்.

“றொஜனுக்கு இப்ப காய்ச்சல் எப்படி?” என்று கேட்டாள்.