நாலாவது மடிப்பு

காலை ஆறு மணிக்குச் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பனி இன்னும் விலகவில்லை. லாரியிலிருந்து எட்டடிக்கு நாலடி இரும்புத் தகடுகளை ஆளுக்கொரு மூலை பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு கையுறையைத் தாண்டி விரலில் ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் தகடு நடுவில் தொய்ந்து அதிர்ந்தது. "ஓரம் பாத்துப் பிடிங்க, கிழிச்சிடும்" என்று முன்னால் நடந்தபடியே மடிப்புப் பிரிவுக் கன்னியப்பன் குரல் கொடுத்தார். நானும் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன். மூன்று வருடமாக இதே தொழிற்சாலையில் டிசைனர் வேலை பார்க்கிறேன். தகடு இவ்வளவு கனம் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

என் வேலை மாடியில், ஏசி அறையில். தட்டைத் தகட்டை எங்கே வெட்டி எங்கே மடித்தால் செருப்பு ஸ்டாண்டு ஆகும், எங்கே மடித்தால் கரண்டி மாட்டும் பெட்டியாகும் என்று கம்ப்யூட்டரில் வரைவேன். போன மாதம் வரைந்தது சாமி மாடம். பூசையறைக்கு இடமில்லாத பிளாட்காரர்கள் சுவரில் மாட்டிக்கொள்வது. ஒரே தகடு, வெல்டிங் கிடையாது, நாலே மடிப்பு. முதுகுக்கு ஒன்று, பக்கங்களுக்கு இரண்டு, விளக்கு நழுவி விழாமலிருக்க முன்னால் ஓர் உதடு.

அந்த உதடு முதலில் இருபது மில்லிமீட்டர். தகட்டை மிச்சம் பிடிக்கச் சொன்னார் முதலாளி சுப்ரமணி. நான் அதைப் பன்னிரண்டாக்கினேன். பதினெட்டு மாடம் வந்த தகட்டில் இருபது வந்தது. முதலாளி கேக் வாங்கி வந்து என் முதுகில் தட்டினார். நான் இரண்டு துண்டு தின்றேன்.

எதை வரைந்தாலும் முதலில் பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டி, நகத்தால் கீறி மடித்துப் பார்ப்பது என் வழக்கம். அட்டை சொன்ன இடத்தில் மடியும். இரும்பை மடிக்க மிஷின் வேண்டும். கீழே ஒரு பள்ளம், அதற்குள் மேலிருந்து இறங்கும் ஒரு பட்டை. பன்னிரண்டு மில்லி உதடு பள்ளத்தின் எதிர் விளிம்பை எட்டாமல் உள்ளே நழுவும். நழுவாமலிருக்க விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை கிட்டே வந்தால் மிஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் இருக்கிறது. விரல் அங்கே இருந்தால்தான் வேலை ஓடும் என்பதால் முதலாளி அதை அணைக்கச் சொல்லிவிட்டார்.

முதல் வாரமே, மடிப்புப் பிரிவில் மூத்தவளான ஜெயம் அக்கா மாடியேறி வந்து சொன்னாள்: "சார், கடசி மடிப்புக்குத் தகடு நிக்க மாட்டேங்குது. பொண்ணுங்க விரலால அமுத்திப் பிடிக்கிதுங்க. பயமா இருக்குது."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பழகிடும்க்கா" என்றேன்.

நாலு நாளைக்கு முன்னால் மடிப்பு மிஷினில் கார்குழலியின் வலது கையில் இரண்டு விரல் போயின. வயது இருபத்தாறு. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டுக்கொண்டாள்: "சார், அந்த மாடத்துல ரத்தம் பட்டுடுச்சு. அப்படியே பெயிண்டுக்கு அனுப்பிடாதீங்க. சாமி வைக்கிற எடம்." உதட்டைக் குறைத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவே அன்று போனேன். சொல்லாமல் திரும்பினேன். கோழை.

அதனால்தான் இன்று விடியலில் கீழே வந்தேன். தகடெல்லாம் இறக்கியானதும் ஜெயம் அக்காவிடம், "ஒருதடவை நான் பிடிச்சுப் பாக்கறேன்க்கா" என்றேன். அவள் மிஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். மூன்று மடிப்பு முடிந்த மாடம் ஒன்றைப் பள்ளத்தின்மேல் வைத்தேன். நழுவியது. மறுபடி வைத்தேன். யாரும் சொல்லாமலே என் ஆள்காட்டி விரல் பட்டைக்கு அடியில் போய் அழுத்தியது. கார்குழலியின் விரல் இருந்த அதே இடம்.

ஒன்பது மணிக்கு முதலாளி ஒரு தாளோடு மிஷின் பக்கமே வந்தார். விபத்தை விசாரிக்கப் பதினோரு மணிக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறாராம். தாளில் எழுதியிருந்தது: 'விபத்துக்குக் காரணம் இயக்கியவரின் கவனக்குறைவு. வடிவமைப்பில் குறை இல்லை.' கீழே என் பெயர், எழிலரசன். நான் கையெழுத்துப் போட்டால் கார்குழலிக்கு நஷ்ட ஈடும் இல்லை, வேலையும் இல்லை. மிஷினும் இப்படியே ஓடும்.

"போடு எழில். அட்டையில நீ மடிச்சுக் காட்டினப்ப சரியாத்தான இருந்துச்சு?"

"அட்டையில சரியா இருந்துச்சு சார்."

"டிராயிங்ல தப்புன்னு எழுதினா மொதல்ல உன் தலைதான் உருளும். உன்னக் காப்பாத்தத்தான் பாக்கறேன்."

அது நிஜம்தான். உழவர்கரையில் வாடகை வீடு, கைக்குழந்தை. ஒரு நிமிடம் பேனாவை வாங்கக் கையை நீட்டிவிட்டேன், மறைப்பதற்கில்லை. பிறகு, விடியலில் பட்டைக்கு அடியில் போன என் விரலைப் பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டேன்.

"தப்பு என் டிராயிங்ல தான் சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஜெயம் அக்கா மொதல் வாரமே வந்து சொன்னாங்க. பழகிடும்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். சென்சாரை அணைக்கச் சொன்னது நீங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லப் போறேன்."

முதலாளி என்னை விட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இன்னா வேடிக்கை? நாளைக்கு லோடு போவணும். மடிங்க."

ஜெயம் அக்கா மிஷின் பக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டாள். "மடிக்கிறோம் மொதலாளி. கையை எங்க வைக்கிறதுன்னு நீங்க ஒருதடவை காட்டுங்க."

முதலாளி மிஷினைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

கன்னியப்பன் கையிலிருந்த மாடத்தைத் தரையில் வைத்தார். "மூணு மடிப்போட நிறுத்திக்கறோம். உதடு பழைய அளவுக்கு வரணும், சென்சார் ஓடணும், அந்தப் பொண்ணு வேலை அதுக்கே இருக்கணும்."

"கான்ட்ராக்ட் ஆளுங்க நீங்க. நாளைக்கு கேட் திறக்காது."

"அப்ப கேட்டுக்கு வெளிய உக்கார்றோம்" என்றாள் பெயிண்ட் பிரிவு மேனகா. அவளுக்கும் மடிப்பு மிஷினுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு மாடியேறினார். ஒவ்வொரு மிஷினாக நின்றது. உதடு மடியாத மாடங்கள் சுவரோரம் அடுக்கடுக்காக ஏறின. நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நான் நின்றேன். ஜெயம் அக்கா கொஞ்சம் நகர்ந்தாள்.

"என்ன மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"என்கிட்டச் சொல்லி இன்னா ஆவப் போவுது?" அவள் குரலில் கோபம் இன்னும் இருந்தது. "அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்க. எல்லாருமாப் போறோம். அவகிட்ட நீ மொதல்ல பேசு தம்பி."

தம்பி என்று அவள் இதற்கு முன் என்னைக் கூப்பிட்டதில்லை.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்தோம். ஜெயம் அக்கா அடுக்கிலிருந்து ஒரு மாடத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீ வரைஞ்சதுதான? நீயே தூக்கிக்கினு முன்னால நட."

வாங்கிக்கொண்டு நடந்தேன். இன்ஸ்பெக்டர் என்ன எழுதுவார் என்று தெரியாது, நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்றும் தெரியாது. பின்னால் நாற்பது ஜோடிச் செருப்புகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது.