சுத்தமான மொழிபெயர்ப்பு

கண்டி நீதிமன்றத்தில் தமிழை ஆங்கிலமாக்க மொழிபெயர்ப்பாளர் சுவக்கினை விட்டால் ஆளில்லை என்று பேர். பதினொரு வருடத்துப் பேர். கூண்டில் நிற்பவர்கள் அழுவார்கள், உளறுவார்கள். அவர் அதையெல்லாம் களைந்துவிட்டு, நீதிபதி எழுதிக்கொள்ள வசதியாக இரண்டே வரி கொடுப்பார். எதைக் கேட்டாலும் அவருக்கு நெஞ்சு அசைவதில்லை. உத்தியோகம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார், பாவம்.

1931 ஆடி மாதம் கூண்டில் நின்றவள் தெரேசா. புசல்லாவைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தான் குடியிருந்த லயத்து வீட்டுக்கே தீ வைத்தாள் என்று வழக்கு. இவளுக்குப் புத்தி சரியில்லையோ என்று நீதிபதிக்கு ஒரு சந்தேகம். அவளையே பேசவிட்டுப் பார்ப்போம் என்றார்.

"கூரைக்கு மேல எம்புள்ள குளிருதுன்னு அழுவுதுங்க தொர. பொதைச்சு மூணு மாசமாச்சு, இன்னும் அழுவுது. அதுக்குத்தான் நெருப்பு போட்டேன். இந்தா, இங்கயும் அழுவுதே, ஒங்களுக்குக் கேக்கலையா?"

"குளிருக்காக நானேதான் கூரைக்கு நெருப்பு வைத்தேன் என்கிறாள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார் சுவக்கின். பழக்கதோஷம். பிள்ளையைக் காணோம், அழுகையைக் காணோம்.

"தெளிவாகத்தானே பேசுகிறாள். வைத்தியர் தேவையில்லை," என்று நீதிபதி தீர்ப்பெழுதப் பேனாவை எடுத்தார். தெரேசா கூரை மோட்டைப் பார்த்துத் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

இரக்கம் வருகிறதா என்று சுவக்கின் தனக்குள் தேடிப் பார்த்தார். வரவில்லை. விறைத்துப்போன கால்போலக் கிடந்தது நெஞ்சு. அது அவரைப் பயமுறுத்தியது.

"கனம் நீதிபதி அவர்களே, அவள் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் திருத்திவிட்டேன்."

உளறலை உளறலாகவே, ஒன்று விடாமல் சொன்னார். நீதிபதி பேனாவை மூடிவைத்தார். இவளை வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் மேலே பேச்சு என்று உத்தரவிட்டார். பிறகு சுவக்கின் பக்கம் திரும்பினார்.

"மற்ற வழக்குகளிலும் இப்படித் திருத்தியதுண்டா?"

கலகெதர ஊர்க்காரன் ஹுஸைன் நினைவுக்கு வந்தான். கூண்டில் நின்று சுவரோடு பேசியவன். அவனையும் இவர் இரண்டே வரியில் புத்தி தெளிந்தவன் ஆக்கியிருந்தார். ஐந்து வருடக் கடூழியச் சிறை. இன்னும் நான்கு பாக்கி. அவனுக்கு முன்னால் எத்தனை பேரோ. உண்டு என்றால் அத்தனை வழக்கையும் மறுபடி திறப்பார்கள். சுவக்கினின் வேலையும் போய்விடும்.

"இல்லை ஐயா. இன்றைக்கு மட்டும்தான்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னதால் நீதிபதி நம்பிவிட்டார்.